பஞ்சு பறக்காத அறை

மல்லசமுத்திரம்,
9 ஜூன் 2024.

அன்புள்ள மாமாவுக்கு,

தனப்பிரியா எழுதுவது. சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தம்பி கந்தப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். நிமோனியாக் காய்ச்சல் விட்டுவிட்டது. இருமல்தான் போக மாட்டேன் என்கிறது. வெண்ணிலா கஞ்சியும் மிளகு ரசமுமாக வைத்துக் கொடுத்து, நாத்தனார் என்றுகூடப் பார்க்காமல் அதட்டிச் சாப்பிட வைக்கிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? டீயும் பன்னுமாகவே ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன கடிதாசி என்று நினைக்காதீர்கள். நேற்று நீங்கள் போன் செய்தபோது பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லை. நீங்கள் கத்திப் பேசியது எனக்குச் சண்டை போடுவதுபோலக் கேட்டது. தறியை நிறுத்திய பிறகு பேசலாம் என்றால் பாதிப் பேச்சில் தூங்கிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். டீ குடிக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தறியில் பாவு நூல் ஏற்றுகிற அவசரத்தில் ஊருக்குத் திரும்பிப் போனபிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் என் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, “தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு ஊட்டுல மிஷின் வெச்சிருக்கீங்களே, அதைக் கொண்டாரச் சொல்லுங்க” என்றார். கந்தப்பன் போய் எடுத்து வந்தான். அதைத் திறந்து பார்க்க மெர்லின் என்று ஒரு பெண் வந்தாள். பின்பக்க மூடியைத் தள்ளி, உள்ளே இருந்த ஃபில்டரை எடுத்தாள்.

“வாங்கறப்போ இது என்ன கலர்ல இருந்துச்சுங்க்கா?”

“வெள்ளைங்க.”

அதை என் உள்ளங்கையில் வைத்தாள். பழைய கம்பளியில் வெட்டி எடுத்த துண்டுபோல இருந்தது. சாம்பல் நிறம். விரலால் கிள்ளினால் பஞ்சு பஞ்சாக வந்தது. நம் தறிப் பட்டறைப் பஞ்சு மாமா. பிறகு தண்ணீர்த் தொட்டியைத் திறந்தாள். அடியில் நம் போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓரத்தில் வழவழவென்று இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று. அந்தப் பெண் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இதனாலதான் நெஞ்சுல சளி கட்டுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்” என்றார் டாக்டர். “ஆனா இந்த மிஷின் எந்தக் காத்தை இழுக்குதோ அதைத்தான் உங்க நெஞ்சுக்குள்ள தள்ளுது. இப்படி வெச்சிருந்தா திரும்பவும் வருவீங்க.”

“அப்பிடின்னா மிஷினை நிறுத்திப்போடட்டுங்களா?”

“நிறுத்துனா அதைவிட ஆபத்து. சுத்தமா வெச்சுக்குங்க. படுக்கிற எடமும் சுத்தமா இருக்கோணும்.”

படுக்கிற இடம் என்றதும் நம் அறைதான் கண்ணுக்கு வந்தது. பட்டறைக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற சுவர் ஆளுயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் கூரை வரைக்கும் திறப்பு. தறி நின்ற பிறகும் பஞ்சு மிதந்து வந்து கட்டிலில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சுவரைக் கூரை வரை எழுப்பி, இழுத்துச் சாத்துகிற மாதிரி ஒரு கதவும் போட்டுவிடுங்கள். நான் வந்துவிடுகிறேன். நீங்களோ அந்த அறையிலேயே இன்னும் இரண்டு தறி போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள்,
தனம்.

பி.கு: தொட்டிக்கு இனி போர்த் தண்ணீர் ஆகாதாம். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம்.


குமாரபாளையம்,
16 ஜூன் 2024.

அன்புள்ள தனத்துக்கு,

வேல்முருகன் எழுதுவது. உன் கடிதாசி கிடைத்தது. போஸ்ட்மேன் கையில் கொடுத்துவிட்டு, “ஏனுங்க, அம்மணி வெளிநாடு போயிருக்காங்களா?” என்று கேட்டான். மல்லசமுத்திரம் என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

நான் பேனா பிடித்துப் பல வருஷம் ஆகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ இல்லாமல் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்ற ஆள் இல்லை. ஒரு ஆளைப் பிடித்துப் போட்டேன். அவன் சுற்றும் தார் பாதியிலேயே அவிழ்ந்து, தறியில் ஓடுகிற நாடாவுக்குள் சிக்குகிறது. ஆறு தறியில் இரண்டை ஓட்டினால் மற்றவை நிற்கின்றன. ஊரில் எத்தனையோ பேர் குறட்டை விடுகிறார்கள். எங்கள் சித்தப்பா விட்ட குறட்டைக்கு ஓடு அதிரும். அவர் எண்பது வயதைத் தாண்டித்தான் போனார். உனக்கு அந்த மிஷின் வருவதற்கு முன்னால் நிமோனியா வந்ததா? இல்லை. வந்த பிறகுதான் வந்தது. இதைச் சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பாய். அந்த மிஷினைக் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு வந்து சேர்.

தறி விஷயம் பேச்சோடு நிற்கவில்லை. புதுத் தறியை ஆடிக்குள் இறக்குவதாக விற்பவர்கள் சொல்லிவிட்டார்கள். கூடுதலாகத் துண்டு ஓட்டித் தருகிறேன் என்று வியாபாரியிடம் நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வேறு இடம் எங்கே இருக்கிறது? நம் வீட்டில் சுவருக்கு வெளியே இருப்பது சாக்கடை.

இருமல் குறைந்ததா, அதை எழுது. துணிமணி எடுக்க வந்த கந்தப்பனிடம் ஒரு கேன் தண்ணீர் கொடுத்துவிட்டிருக்கிறேன். பேட்டரிக்கு ஊற்றுவது. அதுவும் காய்ச்சி வடித்ததுதான். உன் மிஷினுக்கு ஆகட்டும்.

வேல்முருகன்.


மல்லசமுத்திரம்,
25 ஜூன் 2024.

அன்புள்ள மாமாவுக்கு,

தண்ணீர்க் கேன் வந்தது. மிஷினைப் பரணில் போடு என்று எழுதிய கையாலேயே அதற்குத் தண்ணீரும் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். வெண்ணிலா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்தக் கேன் பட்டறையில் வாய் திறந்து கிடந்தது மாமா. உள்ளே பஞ்சு மிதக்கிறது. மெர்லினிடம் போனில் கேட்டேன். “அது வேண்டாங்க்கா, மருந்துக் கடையில சீல் வெச்சது வாங்குங்க” என்றாள். கந்தப்பன் உங்கள் கேனை டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றிக்கொண்டான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

மிஷின் வருவதற்கு முன்னால் எனக்கு நிமோனியா வரவில்லை என்கிறீர்கள். வேறொன்று வந்ததே, அது ஞாபகம் இருக்கிறதா? தார் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தபடி நான் தூங்கிப் போனேன். முந்தானையைத் தார் சுற்றுகிற மிஷின் இழுத்தது. நீங்கள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தீர்கள். சேலை கிழிந்ததோடு போயிற்று. அதற்கப்புறம் என்னைச் சேலத்துக்கு அழைத்துப்போய்த் தூக்கத்தைச் சோதிக்க வைத்தது நீங்கள்தான். மிஷின் மாட்டிப் படுக்க ஆரம்பித்த மாதத்தில், “மூஞ்சி தெளிஞ்சிருக்குது புள்ள” என்று சொன்னதும் நீங்கள்தான். அந்தத் தெளிவு எனக்கு வேண்டும். தலைவலியோடு எழுந்து, பகலெல்லாம் தூங்கி வழிந்த அந்த வருஷங்களுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன்.

இங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலை மிஷினுக்குத்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் விடுகிற வேலையே கிடையாது. மாஸ்க்கில் முகம் படுகிற ரப்பரை வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைச் சோப்பு போட்டுக் கழுவுவேன். முகத்து எண்ணெய் ஏறினால் ரப்பர் வழுக்கிக் காற்று கண்ணுக்குள் அடிக்கிறது. அதனால் படுக்கப் போகும் முன் நானும் முகம் கழுவிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீளக் குழாயையும் தொட்டியையும் நன்றாகக் கழுவி, தொட்டியில் வினிகர் கலந்த தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் உப்பு தானாக விட்டுவிடுகிறது. முதல் வாரம் வெண்ணிலா நல்லெண்ணத்தில் குழாயை வெயிலில் துணிக்கொடியில் போட்டுவிட்டாள். “வெயில் பட்டாத்தான அண்ணி கிருமி சாவும்?” என்றாள். வெயிலில் அது விறைத்துப் போய்விடும், நிழலில்தான் காய வேண்டும் என்று சொல்லி எடுத்து உள்ளே மாட்டினேன். டெட்டாலும் ஆகாது. ஒருமுறை நம் வீட்டில் போட்டுவிட்டு, அந்த வாசனையோடு மூச்சு விட முடியாமல் விடியும் வரை உட்கார்ந்திருந்தேனே.

இதையெல்லாம் நான் நம் வீட்டிலும் செய்துவிடுவேன். ஆனால் எத்தனை கழுவினாலும் அது இழுப்பது அந்த அறையின் காற்றைத்தான்.

நான் சொன்னால் பெரிதாக்குகிறேன் என்பீர்கள். நீங்களே பாருங்கள். ட்ரங்குப் பெட்டியில் என் கறுப்புச் சால்வை இருக்கிறது. அதைக் கட்டிலில் விரித்துவிட்டுப் போய்த் தறியை ஓட்டுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடட்டும். பிறகு வந்து பார்த்து, கண்ட கோலத்தை அப்படியே எழுதுங்கள்.

உங்கள்,
தனம்.


குமாரபாளையம்,
7 ஜூலை 2024.

அன்புள்ள தனத்துக்கு,

சால்வையை விரித்தேன்.

காலையில் தறியைப் போடும்போது விரித்துவிட்டு, அப்புறம் மறந்தே போய்விட்டேன். தறியை நிறுத்தி உள்ளே வந்தபோது கட்டிலில் வேறு எதையோ யாரோ போட்டுவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கறுப்பு தெரியவில்லை. மார்கழி மாதப் பனி இறங்கினதுபோல இருந்தது. விரலால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. சால்வையை வாசலில் கொண்டுபோய் உதறினேன். பக்கத்து வீட்டுக்காரர், “என்னங்க மாப்ள, மெத்தை கிழிஞ்சு போச்சா?” என்று கேட்டார்.

உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். நீ சொன்னது பொய்யில்லை.

ஆனால் தனம், வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். வியாபாரிக்கு முன்னால் தலையைச் சொரிந்துகொண்டு நிற்க என்னால் முடியாது. ஒரு வழி யோசித்திருக்கிறேன். தச்சரிடம் சொல்லி உன் மிஷின் அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்யச் சொல்கிறேன். மிஷினை உள்ளே வைத்து மூடிவிடலாம். குழாய் வர ஒரு ஓட்டை. பஞ்சு எப்படிப் போகும்? கட்டிலைச் சுற்றித் தார்ப்பாயும் கட்டிவிடுகிறேன். லோடு லாரியில் கட்டுகிற நல்ல தார்ப்பாய். செலவும் இல்லை, சுவரும் வேண்டாம்.

தார் சுற்றுகிற ஆள் போய்விட்டான். நானே சுற்றுகிறேன். உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது. நீ இத்தனை வருஷம் வலி என்று சொன்னதே இல்லை.

இருமலைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

வேல்முருகன்.


மல்லசமுத்திரம்,
14 ஜூலை 2024.

அன்புள்ள மாமாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. சேலத்தில் போய்க் காட்டினேன். நெஞ்சு தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். மிஷினையும் தூக்கிக்கொண்டு போனேன். மெர்லின் திறந்து பார்த்தாள். ஃபில்டர் வெள்ளையாகவே இருந்தது. தொட்டியை வெளிச்சத்துக்கு எதிரில் பிடித்தாள், கண்ணாடிபோல இருந்தது. “யாருங்க்கா கழுவுனது?” என்றாள். “நானேதான்” என்றேன். பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

உங்கள் மரப்பெட்டி வேண்டாம். மிஷினுக்குச் சுற்றிலும் காற்று வேண்டும். மூடிவைத்தால் சூடேறும். தார்ப்பாய்க்குள் நான் எப்படிப் படுப்பது? கரும்பு லோடா நான்? பஞ்சு மிஷினுக்கு மட்டும் ஆகாததில்லை. என் நெஞ்சுக்கும் ஆகாது. உங்களுடையதுக்கும் ஆகாது. காலையில் பல் தேய்க்கும்போது நீங்கள் காறுகிற சத்தம் தெரு முனைக்குக் கேட்கிறது. நீங்கள் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உங்களைத் தறியை விடச் சொல்லவில்லை. நானும் அந்தத் தறியில் சாப்பிட்டவள்தான். தினமும் காலையில் நீங்கள் ஒவ்வொரு தறிக்கும் காற்றடித்து, பஞ்சை எடுத்து, எண்ணெய் விட்டுவிட்டுத்தானே ஓட்டுகிறீர்கள்? ஒரு நாள் விட்டால் நூல் அறுந்துவிடும் என்பீர்கள். அந்த அக்கறையில் கொஞ்சம் எனக்கும் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

புதுத் தறிகளை முன்பக்கத் தாழ்வாரத்தில் போட முடியுமா பாருங்கள். வண்டி நிறுத்துகிற இடம்தானே அது, வண்டி தெருவில் நிற்கட்டும். அறையைத் தொடாதீர்கள். சுவரை எழுப்பிவிட்டு ஒரு வரி எழுதுங்கள், மறுநாள் நான் அங்கே இருப்பேன்.

உங்கள்,
தனம்.


குமாரபாளையம்,
6 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள தனத்துக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உனக்கே புரிந்திருக்கும். தறி இறங்கிவிட்டது. தாழ்வாரத்தில் அளந்து பார்த்தேன். ஒன்றுகூட நிற்காது, தூண் இடிக்கிறது. ஏற்றிவந்த டெம்போக்காரன் எங்கே இறக்குவது என்று கேட்டுக்கொண்டு நின்றான். மழை வேறு தூற ஆரம்பித்தது. அறையில் இறக்கச் சொல்லிவிட்டேன். அந்த ஆளுயரச் சுவரையும் இடித்தாயிற்று. இப்போது பட்டறையும் அறையும் ஒன்று.

கட்டிலை முன் ஹாலில் போட்டிருக்கிறேன். டிவிக்குப் பக்கத்தில்.

ஆடிப் பெருக்குக்கு யாழினி ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பையை வைக்க அறைக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். “அப்பா, ரூமையே காணோம்?” என்றாள். தறி போட்டாயிற்று கண்ணு என்றேன். “அம்மா எங்க படுக்கும்?” என்று கேட்டாள். ஹாலில் என்றேன். ஆற்றுக்குப் போய்விட்டு வந்தாள். சாயங்காலமே ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள். இருந்து இரண்டு நாள் தங்குவாள் என்று கோழி எடுத்து வைத்திருந்தேன்.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்று நீ சொல்வாய். கேட்டால் வேண்டாம் என்றிருப்பாய். ஹாலுக்குக் கதவு இருக்கிறது. ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். தறி எட்டும் நன்றாக ஓடுகிறது. வந்து பார். பார்த்த பிறகு திட்டு.

வேல்முருகன்.


மல்லசமுத்திரம்,
20 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க வெண்ணிலாவுக்கு மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொடுத்துக்கொண்டே இருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்து என்ன செய்வது என்றுதான் மனது ஓடியது.

கந்தப்பன், “இங்கயே இருந்துக்க அக்கா, யாரு உன்னைய வேண்டாங்கறா?” என்றான். நல்ல மனது அவனுக்கு. ஆனால் எனக்கு வீடு குமாரபாளையத்தில் இருக்கிறது. புருஷன் இருக்கிறார். வேலை இருக்கிறது. அங்கே எனக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மூச்சு விட்டுத் தூங்க ஒரு அறை. அதை நானே தேடிக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை நான் குமாரபாளையம் வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நம் தெருவின் ஆற்றுப் பக்கக் கடைசியில் மாடி வீடு இருக்கிறதே, செல்வமேரி டீச்சருடையது, அங்கே போனேன். மாடியில் ஒரு அறை காலியாக இருப்பதாக நம் தெருப் பூக்காரம்மா போனில் சொல்லியிருந்தாள். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

“உங்க ஊடு இதே தெருவுலதான இருக்குது?”

“ஆமாங்க டீச்சர். எனக்குத் தூங்கறதுக்கு மட்டும் ஒரு ரூம் வேணுங்க.”

“தூங்கறதுக்கு மட்டுமா? ஊட்டுக்காரர்கூடச் சண்டையா அம்மணி?”

“இல்லைங்க. பஞ்சுங்க.”

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. மிஷினைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்கு அழைத்துப் போனார்கள். சின்ன அறைதான். தளம் போட்ட கூரை. ஒரே ஜன்னல், அது ஆற்றைப் பார்க்கிறது. அந்தப் பக்கம் தறி எதுவும் இல்லை. குழாயும் தொட்டியும் கழுவ வெளியே தண்ணீர்க் குழாயோடு ஒரு திண்டு, காயவைக்க நிழல். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே, இதுதான் ஏற்பாடு. காலையில் மிஷினைக் கழுவிவைத்துவிட்டு நான் நம் வீட்டுக்கு வருவேன். சமைப்பேன், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தார் சுற்றுவேன், எட்டுத் தறிக்கும் சுற்றுவேன். சாயங்காலம் குளித்து, துணி மாற்றி, மாடிக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். தெருவில் பேசுவார்கள். வேல்முருகன் பெண்டாட்டி ஒரே தெருவில் தனிக்குடித்தனம் போய்விட்டாள் என்பார்கள். பேசட்டும். அவர்கள் யாரும் எனக்குப் பதிலாக மூச்சு விடப்போவதில்லை.

உங்களைப் பிரிந்து போகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அறைக் கதவு உங்களுக்கும் திறந்துதான் இருக்கும். ஆனால் தறிச் சட்டையோடு உள்ளே வரக்கூடாது. தலைக்குக் குளித்து, வெளுத்த துணி உடுத்திக்கொண்டு வர வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

செப்டம்பர் முதல் தேதி வருகிறேன்.

உங்கள்,
தனம்.


குமாரபாளையம்,
28 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள தனத்துக்கு,

உன் கடிதாசியைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தறியை நிறுத்திவிட்டு, போட்ட பனியனோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அறையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். உன்னிடம் மறைப்பானேன்.

“எங்கூட்டுக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க டீச்சர். அவளுக்கு ரூம் குடுக்காதீங்க” என்றேன்.

அந்தம்மா கோபப்படவில்லை. “ரூமை முதல்ல பாருங்க. பார்த்துட்டு வந்து குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க, நான் குடுக்கலை” என்று சாவியை நீட்டினார்கள்.

“செரி, பார்த்துட்டு வாரேன்” என்று மேலே போனேன்.

கதவைத் திறந்து உள்ளே போனதும் எனக்கு முதலில் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. அப்புறம்தான் அங்கே சத்தமே இல்லை என்று தெரிந்தது. ஜன்னல் கட்டையில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. சும்மா சித்த நேரம் உட்காரலாம் என்று சுவரில் சாய்ந்தேன். விழித்தபோது டீச்சர் கதவருகில் நின்று, “தறி ஓடலைன்னு ஆளுங்க உங்களைத் தேடறாங்க” என்றார்கள். நன்றாகத் தூங்கியிருக்கிறேன் தனம். எழுந்தபோது தொண்டை காறவில்லை.

கீழே வந்து சாவியைக் கொடுக்கும்போது, “என்னங்க, குடுக்கட்டுமா வேண்டாமா?” என்று கேட்டார்கள். குடுங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாள் போய்ச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது, மாற்றிவிட்டேன். கொசுவலையும் அடித்திருக்கிறேன். கட்டிலைக் கந்தப்பனும் நானும் தூக்கி மேலே போட்டோம். தெருவே நின்று பார்த்தது. “கட்டில் எங்கீங்க போவுது?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “என்ற ஊட்டுக்காரி நல்லாத் தூங்கோணுங்க, அதுக்குத்தான்” என்றேன். மிஷின் வைக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில், கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு பலகை அடித்திருக்கிறேன். மெர்லின் பாப்பாவிடம் கந்தப்பனை விட்டுக் கேட்டுத்தான் உயரம் வைத்தேன். மேலே வைத்தால் தொட்டித் தண்ணீர் குழாயில் இறங்கிவிடுமாமே. மருந்துக் கடையில் சீல் வைத்த தண்ணீரும் வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

அறையில் இறக்கின தறி இரண்டையும் இனி நான் எடுக்க முடியாது. அது நடந்தது நடந்ததுதான். நீ மன்னிப்பாயோ மாட்டாயோ, நான் கேட்கவில்லை.

கட்டிலில் உன் தலையணை மட்டும் போட்டிருக்கிறேன். என்னுடையதைக் கொண்டுபோகவில்லை. நீ சொன்னால் கொண்டு வருகிறேன்.

வேல்முருகன்.


மல்லசமுத்திரம்,
30 ஆகஸ்ட் 2024.

அன்புள்ள மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன்.

தலையணையைக் கொண்டு வாருங்கள். உறையைத் துவைத்து.

தனம்.